ஆர்கான் ஏன் எதனோடும் சேர்வதில்லை: ஒரு கழித்தல் கணக்கு

"வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிரம்பிவிட்டது, அதனால் மந்த வாயுக்கள் வினைபுரியா." தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். சரி, எட்டு நிரம்பினால் ஏன் சேரக்கூடாது? அதற்கு அந்த வரியில் பதில் இல்லை. தனிம வரிசை அட்டவணையும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், நாமே போட்டுப் பார்த்துவிடலாம். மந்த வாயுக்களில், நாம் இழுக்கும் காற்றிலேயே ஏறக்குறைய 1 சதவீதம் இருப்பதால் ஆர்கானை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பக்கத்துத் தனிமங்களோடு சேர்த்து எழுதுங்கள் (அடைப்புக்குறிக்குள் புரோட்டான் எண்ணிக்கை, பிறகு உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கூட்டிலும் உள்ள எலக்ட்ரான்கள்)

குளோரின் (17): 2, 8, 7
ஆர்கான் (18): 2, 8, 8
பொட்டாசியம் (19): 2, 8, 8, 1

படி 2: கழியுங்கள்

வெளிக்கூட்டு எலக்ட்ரானை அணுக்கருவிலுள்ள புரோட்டான்கள் இழுக்கின்றன. இடையில் இருக்கும் உட்கூட்டு எலக்ட்ரான்கள் அந்த இழுப்பை மறைக்கின்றன. அதனால் புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து உட்கூட்டு எலக்ட்ரான்களைக் கழித்தால், மிஞ்சும் இழுப்பு தோராயமாகக் கிடைக்கும். (ஒரே கூட்டில் இருப்பவையும் ஒன்றையொன்று கொஞ்சம் மறைக்கும். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.)

குளோரின்: 17 − 10 = 7
ஆர்கான்: 18 − 10 = 8
பொட்டாசியம்: 19 − 18 = 1

முதல் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மோலுக்குக் குளோரின் 1251 கிலோ ஜூல், ஆர்கான் 1521, பொட்டாசியம் வெறும் 419. ஆர்கானிடமிருந்து எலக்ட்ரானை வாங்குவது லேசில் நடக்காது.

படி 3: ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். குளோரினுக்கு ஓர் எலக்ட்ரான் கொடுத்தால் அது மூன்றாம் கூட்டிலேயே உட்காரும். அங்கே 7 அளவு இழுப்பு காத்திருக்கிறது, 349 கிலோ ஜூல் ஆற்றலும் வெளிவரும். ஆர்கானுக்குக் கொடுத்தால்? புது எலக்ட்ரான் நான்காம் கூட்டுக்குப் போக வேண்டும். அங்கிருந்து கழித்தால் 18 − 18 = 0. பிடித்து வைக்க இழுப்பே இல்லை.

மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான் வரை இடம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அந்த மிச்ச இடமான டி துணைக்கூட்டின் ஆற்றல் இங்கே நான்காம் கூட்டின் எஸ் துணைக்கூட்டைவிட அதிகம். அங்கே போனாலும் கதை மாறாது.

படி 4: பங்கு போட முடியுமா?

ஆர்கானின் வெளிக்கூட்டில் எட்டும் நான்கு ஜோடிகளாக இருக்கின்றன, தனி எலக்ட்ரான் ஒன்றும் இல்லை. ஒரு ஜோடியைப் பிரிக்க, ஒன்றை மேல்கூட்டுக்கு ஏற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவை, பிறகு உருவாகும் பிணைப்பு ஈடுகட்டாது.

ஆர்கான் வெல்டிங் நடக்கும் பட்டறையில் இதை நேரில் பார்க்கலாம். சூடேறிய அலுமினியம் காற்றில் பட்டால் உடனே ஆக்சைடு படியும். டார்ச் முனையிலிருந்து வரும் ஆர்கான் காற்றை விலக்கி நிறுத்துகிறது. மின்வில்லின் வெப்பத்தில் ஆர்கானும் எலக்ட்ரானை இழக்கத்தான் செய்கிறது, ஆனால் உலோகத்தோடு சேர்மம் ஆகாமல் மறுபடி ஆர்கானாகவே வெளியேறுகிறது.

படி 5: மற்ற மந்த வாயுக்கள்

நியான், கிரிப்டான், செனான் எல்லாவற்றுக்கும் கழித்தால் 8தான் வரும். ஹீலியத்துக்கு மட்டும் 2 − 0 = 2. அப்படியானால் ஹீலியம் எளிதில் வினைபுரிய வேண்டுமே? இங்கேதான் சறுக்கும். நம் கணக்கு ஒரே வரிசையில் இருக்கும் தனிமங்களை ஒப்பிட மட்டுமே உதவும். வரிசை மாறினால் தூரத்தையும் பார்க்க வேண்டும். ஹீலியத்தின் எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்கு மிக அருகில் இருப்பதால் 2372 கிலோ ஜூல் தேவை. கீழே போகப் போக நியான் 2081, ஆர்கான் 1521, கிரிப்டான் 1351, செனான் 1170.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். அது குளோரினுடையதைவிடக் குறைவு! 1962இல் கனடாவின் வான்கூவரில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கவனித்ததும் ஏறக்குறைய இதைத்தான். பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற சிவப்பு ஆவி ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதை அவர் கண்டிருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் செனானுக்கும் அந்த ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றே. அப்புறம் என்ன, அந்தச் சிவப்பு ஆவியோடு நிறமற்ற செனானைக் கலந்தார். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் நிறத் திடப்பொருள் படிந்தது. அதே ஆண்டில் செனானை ஃபுளூரினோடு சூடாக்கிச் செனான் டெட்ராஃபுளூரைடும் தயாரித்துவிட்டார்கள்.

ரேடானுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: 86 − 78 = 8, தேவைப்படும் ஆற்றல் 1037. செனானைவிட எளிதில் வினைபுரிய வேண்டும். ஃபுளூரினோடு சேரவும் செய்கிறது. ஆனால் அது கதிரியக்கத் தனிமம், நீடித்து நிற்கும் வகையிலேயே பாதி 3.8 நாளில் சிதைந்துவிடும். அதனால் அதன் சேர்மங்களைக் கையில் வைத்து ஆராய்வது பெரும்பாடு.