ஆதார விலைக்குப் பருத்தி விற்றால் பணம் கணக்கில் வந்து சேர என்ன செய்ய வேண்டும்?

ஏலத்தில் விலை சரியும்போது பருத்தி விவசாயிக்குக் கைகொடுப்பது இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல்தான். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை, குவிண்டாலுக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அது தட்டிப்போகும் காரணங்களில் பெரும்பாலானவற்றைப் பருத்தி வெடிக்கும் முன்பே சரிசெய்துவிடலாம்.

முதல் வேலை அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு. கழகத்தின் 'கபாஸ் கிசான்' செயலியில் பதிவுசெய்யப் பட்டா, பருத்தி சாகுபடிக்கான வருவாய்த்துறைச் சான்று, ஆதார், புகைப்படம் வேண்டும். அடங்கல் எழுதப்படும் வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1-இல் தொடங்குகிறது. 2025-26-க்குப் பசலி 1435. போன பசலி அடங்கலைக் கொண்டுபோய்ப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும்போதே பயிர் 'பருத்தி' என்றுதான் பதிவாகியிருக்கிறதா, பரப்பு சரியா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பதிவான பரப்பை வைத்துத்தான் உங்களிடம் எத்தனை குவிண்டால் வாங்கலாம் என்று கணக்கிடுவார்கள். ஒரு ஏக்கர் விடுபட்டால் அந்த ஏக்கர் பருத்தி வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் போகும். பட்டா காலமான அப்பா பெயரிலேயே இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்ற இப்போதே மனு கொடுங்கள்.

அடுத்து 'கபாஸ் கிசான்' செயலியில் பதிவு. ஓடிபி ஆதாரில் இருக்கும் செல்பேசி எண்ணுக்குத்தான் வரும். பழைய எண் என்றால் முதலில் ஆதார் மையத்தில் மாற்ற வேண்டும். பதிவு ஏற்கப்பட்ட பிறகு கொள்முதல் மையத்தையும் நாளையும் செயலியிலேயே முன்பதிவு செய்துகொண்டு வண்டி பிடியுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் வங்கி. ஆதார் வழிப் பணம், நீங்கள் மனதில் நினைத்திருக்கும் கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். 'மை ஆதார்' தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பகுதியில் வங்கியின் பெயர் தெரியும். வேறு வங்கி காட்டினால், வேண்டிய வங்கிக் கிளையில் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுங்கள். 2 ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். அடையாள, முகவரி ஆவணங்களை (கேஒய்சி) கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய 'சிறு கணக்கு' இன்னொரு கண்ணி. அதில் எந்த நேரமும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக்கூடாது. 15 குவிண்டால் நீண்ட இழைப் பருத்தி விற்றாலே 1,21,650 ரூபாய் ஆகிறது. முழு கேஒய்சி ஆவணங்களையும் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

இனி ஈரப்பதம். 8 சதவீதம் வரை முழு விலை. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் 1 சதவீதம் பிடிப்பார்கள். 12-ஐத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வண்டி வாடகையும் கையைக் கடிக்கும். 10 சதவீத ஈரத்தில் 8,110 ரூபாய்ப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 162 ரூபாய் குறையும்.

காலை 10, 11 மணிக்குள் பறித்தால் காய்ந்த இலைச்சருகு நொறுங்கிச் சுளையில் ஒட்டாது. ஆனால் அந்தப் பருத்தியில் பனி ஈரம் இருக்கும் என்பதால் பறித்த கையோடு நிழலில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். கடும் வெயிலில் போட்டால் நிறம் மங்கிவிடும். கையில் அள்ளி அழுத்தும்போது குளுமை தட்டினால் இன்னும் காயவில்லை. பூச்சி தாக்கிக் கறைபட்ட கொட்டுப் பருத்தியைத் தனியாகப் பிரித்து வையுங்கள். நல்ல பருத்தியோடு கலந்தால் மொத்தச் சுமையின் தரமும் இறங்கும். உரச்சாக்கில் அடைக்கவே வேண்டாம். பிரிந்து வரும் பிளாஸ்டிக் நார், விதையைப் பிரிக்கும் ஜின்னிங்கில் நீங்காமல் நூல்வரை போகும்.

எடை போட்டதும் ரசீதில் எடை, ஈர சதவீதம், தர வகை, கணக்கு விவரம் நான்கையும் பார்த்துவிட்டே மையத்தை விட்டுக் கிளம்புங்கள்.