நெருக்கடி நேரத்துக் குட்டை ஆன்டெனா: நாம் சறுக்கும் இடங்கள்

ஒரு பயிற்சி நாளில், இரண்டரை மீட்டர் உயரக் குட்டை ஆன்டெனா ஒன்றை 80 மீட்டர் பேண்டுக்காக (3.6 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை) நிறுத்திக்கொண்டிருந்தோம். அடியில் நீளக் குறைவை ஈடுகட்ட ஒரு காயில் (கம்பிச்சுருள்), தரையில் அடித்த ஓர் இரும்பு ஆப்பு, அவ்வளவுதான். எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் 1.1 காட்டியது; 1 என்றால் முழுப் பொருத்தம். எனக்கு ஒரே பெருமை. உடனிருந்த மூத்த ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவர், தரையில் கொஞ்சம் ரேடியல் கம்பிகளை, அதாவது அடியிலிருந்து சுற்றிலும் ஓடும் கம்பிகளை, விரித்துப் பாருங்கள் என்றார். பதினாறு கம்பிகளை விரித்தோம். மீட்டர் 2.3க்கு ஏறிவிட்டது. கெட்டுப்போய்விட்டதே என்று நான் குனிந்து கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினேன். "சுருட்டாதீர்கள், முதலில் எதிர்முனையில் கேளுங்கள்" என்று தடுத்தார். கேட்டோம். அதுவரை நாங்கள் பேசுவது இரைச்சலோடு இரைச்சலாகத்தான் வந்துகொண்டிருந்ததாம். இப்போதுதான் சொற்களைப் பிரித்தறிய முடிகிறதாம்.

குட்டை ஆன்டெனா விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான்: எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரை நம்புவது. அந்த மீட்டர் ஆன்டெனா எவ்வளவு கதிர்வீச்சு செய்கிறது என்பதை அளப்பதில்லை. அனுப்பிய மின்திறன் திரும்பி வருகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. திரும்பாத மின்திறன் வானத்துக்குப் போயிருக்கலாம், மண்ணைச் சூடாக்கியும் இருக்கலாம். சோதனைக்கு வைத்திருக்கும் டம்மி லோடு (மின்திறனை வெப்பமாக்கும் வெறும் மின்தடை) எப்போதும் 1:1 காட்டும். அதை வைத்து யாரோடு பேச முடியும்?

அன்று நடந்ததைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 3.6 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 83 மீட்டர். இரண்டரை மீட்டர் என்பது அதில் 3 சதவீதம். இந்த உயரத்துக்குக் கதிர்வீச்சு மின்தடை சுமார் 0.36 ஓம்தான் வரும். வானத்துக்குப் போகும் பங்கு இந்த 0.36க்கு உரியது மட்டும். இதோடு காயிலின் இழப்பு 9 ஓம் என்றும், வெறும் ஆப்பு அடித்த காய்ந்த தரையின் இழப்பு 40 ஓம் என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் கிட்டத்தட்ட 50 ஓம். கேபிளும் 50 ஓம். மீட்டருக்கு முழுத் திருப்தி! ஆனால் 100 வாட் கொடுத்தால் ஒரு வாட் கூட வெளியேறாது, 0.7 வாட்தான் போகும். ரேடியல் விரித்ததும் தரை இழப்பு 12 ஓமுக்கு இறங்கினால் மொத்தம் 21 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர் ஏறுகிறது, வெளியேறும் திறனோ இரட்டிப்பைத் தாண்டி 1.7 வாட் ஆகிறது. முதலில் இழப்பைக் குறையுங்கள். பொருத்தத்தைச் சரிசெய்ய அதற்குப் பிறகு ஒரு சிறு மேட்ச்சிங் காயில் போதும். இந்த வரிசை மாறினால், இழப்பே பொருத்தம்போல் வேடமிட்டு ஏமாற்றிவிடும்.

காயில் விஷயத்திலும் இதே கதைதான். மெல்லிய கம்பியை ஒல்லியான குழாயில் நெருக்கிச் சுற்றினால் கையடக்கமாக இருக்கும், ஆனால் மின்திறனை விழுங்கும். தடித்த கம்பி, அகலமான விட்டம், சுற்றுகளுக்கு இடையே கம்பித் தடிமன் அளவு இடைவெளி என்பதே நல்ல காயிலின் இலக்கணம். உங்கள் காயிலைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு நிமிடம் சீராக மின்திறன் அனுப்பி, நிறுத்திய பிறகு (நிறுத்திய பிறகுதான்!) தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்கள் வாட் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். காயிலை அடியில் வைப்பதைவிட நடுவில் வைத்தால் கதிர்வீச்சு மின்தடை சுமார் இரண்டு மடங்காகும். காயிலுக்கும் அதிகச் சுற்றுகள் தேவைப்படும் என்பதால் ஆதாயத்தில் ஒரு பகுதி கரைந்துபோகும். உச்சியில் நாலைந்து கம்பிகளைக் குடைக்கம்பிபோல் விரித்துக் கட்டுவது இன்னும் நல்லது. அங்கே காயில் இழப்பு என்ற பேச்சே குறைகிறது.

இவ்வளவு சீர்திருத்தியும் அந்த ஆன்டெனா நெருக்கடி வேலைக்கு ஏற்றதா என்றால், பெரும்பாலும் இல்லை. காரணம் இழப்பு அல்ல, திசை.

வெள்ளமோ புயலோ வந்தால் நாம் யாரோடு பேச வேண்டியிருக்கும்? அடுத்த கண்டத்தோடு அல்ல. 50, 150, 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தோடுதான். நாங்கள் நிறுத்தியது போன்ற செங்குத்து ஆன்டெனா அலையை அடிவானத்தை நோக்கி அனுப்புகிறது. தலைக்கு நேர் மேலே அதன் கதிர்வீச்சு சூனியம். தரையலை சில பத்து கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும். அடிவானத்தை நோக்கிப் போன அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதொலைவில் இறங்கும். இடையில் ஒரு மௌன வளையம். நமக்கு வேண்டியவர்கள் அதற்குள்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர் "அருமையாகக் கேட்கிறது" என்று பாராட்டுவார், பக்கத்து மாவட்டத்துக்காரருக்கு ஒன்றும் கேட்காது. இந்த வேலைக்கு அலையை ஏறத்தாழ நேர் மேலே அனுப்ப வேண்டும். அது அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் 400 கிலோமீட்டர் வரை மழைபோல் இறங்கும். நடுவே மலை இருந்தாலும் கவலை இல்லை. இந்த முறையை ஹாம்கள் என்விஸ் என்று அழைக்கிறார்கள். தாழ்வாகக் கட்டிய கிடைமட்டக் கம்பிதான் அதற்கு ஏற்றது.

தாழ்வாக என்றதும் சிலர் கம்பியைத் தரையில் போட்டுவிடுகிறார்கள், அல்லது முழங்கால் உயரத்தில் கட்டுகிறார்கள். அடுத்த தவறு இது. கால் அலைநீளமோ அதற்குச் சற்றுக் குறைவோதான் நல்ல உயரம். 80 மீட்டர் பேண்டில் அது 12 முதல் 20 மீட்டர் வரை ஆகும் என்பதால் பெரும்பாலோரால் முடியாது. ஏழெட்டு மீட்டர் கம்பம் போதுமான சமரசம். ஒரு மீட்டருக்குக் கீழே வந்தால் மண்ணே பெரும்பங்கை உறிஞ்சிவிடும். இதில் ஒரு மயக்கம் உண்டு: தாழ்ந்த கம்பியில் இரைச்சலும் குறைவதால், வரும் குரல் தெளிவாகவே இருக்கும். நமக்கு நன்றாகக் கேட்கிறது என்பதால் அவருக்கும் நன்றாகக் கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது வேறு கணக்கு.

சரி, முழு நீளக் கம்பிக்கு இடமில்லை. அரை அலை டைபோலுக்கு (நடுவில் கேபிள் இணைத்த நேர்க் கம்பி) 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் கிடைக்கும்: 3.6க்கு ஏறத்தாழ 40 மீட்டர், 7.1க்கு 20 மீட்டர். நாற்பது மீட்டர் நிலம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அப்போது எதைச் சுருக்குவது என்பதில்தான் அடுத்த சறுக்கல். பார்த்தவுடன் டைபோலைத் தூக்கி எறிந்துவிட்டுக் குட்டைச் செங்குத்துக்குத் தாவ வேண்டியதில்லை. டைபோலில் மின்னோட்டம் நடுவில்தான் அதிகம். கம்பியின் நடுப்பாதியே 70 சதவீத வேலையைச் செய்துவிடுகிறது. முனைகள் பெரும்பாலும் நீளத்தை ஈடுகட்டவே இருக்கின்றன. ஆகவே நடுப்பகுதியை உயரமாகவும் நேராகவும் வைத்துவிட்டு, முனைகளைப் பக்கவாட்டில் மடக்கலாம், கீழே தொங்கவிடலாம், வேலியோரமாக வளைத்துக் கொண்டுபோகலாம். ஒரே கம்பம்தான் இருக்கிறதென்றால் தலைகீழ் வி வடிவில் கட்டலாம். என் பார்வையில், மடக்கிய டைபோலுக்கு இணையான சிக்கன ஆன்டெனா வேறில்லை. இழப்பு மிகக் குறைவு, கெட்டுப்போக ஒன்றுமில்லை. முனைகளில் மின்னழுத்தம் அதிகம் என்பதால் யார் கைக்கும் எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். முகாமில் குழந்தைகள் ஓடுவார்கள். மடக்கவும் முடியாத இடத்தில், இரு பக்கக் கம்பிகளின் நடுவிலும் காயில் வைத்த டைபோல்.

காயில் வந்ததும் அலைவரிசை அகலம் சுருங்கும். 80 மீட்டர் பேண்டில் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கிடைக்காது. எனவே நாம் வழக்கமாக அரட்டை அடிக்கும் இடத்துக்கு வெட்டிய கம்பி, அவசர அதிர்வெண்ணில் உதவாமல் போகலாம். சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் மூன்றாம் மண்டலத்தில் அவசரத் தொடர்பு மையங்களாக 3600, 7110 கிலோஹெர்ட்ஸும், முதல் மண்டலத்தில் 3760, 7110 கிலோஹெர்ட்ஸும் குறிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் உரிமம் அனுமதிக்கும் எல்லைக்குள், உங்கள் குழு பயன்படுத்தப்போகும் அதிர்வெண்ணுக்கே வெட்டுங்கள்.

வளையமாக வளைத்த குழாயையும் ஒரு கண்டென்சரையும் (மின்தேக்கி) சேர்த்துச் செய்யும் மேக்னடிக் லூப் பற்றிச் சொல்லாவிட்டால் அதன் அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு மீட்டர் விட்டம், 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய் என்று கொள்வோம். 7.1 மெகாஹெர்ட்ஸில் கதிர்வீச்சு மின்தடை 6 மில்லிஓம், செப்பின் இழப்பு சுமார் 32 மில்லிஓம். திறன் 16 சதவீதம்: 100 வாட்டுக்கு 16 வாட். முழு டைபோலைவிட ஓர் எஸ்-அலகுக்கு (ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரு படி) சற்றுக் கூடுதலான இழப்பு, அவ்வளவுதான். பால்கனியில் உட்கார்ந்துகொண்டு இதற்குமேல் கேட்பது பேராசை. நிமிர்த்தி வைத்தால் நேர் மேலேயும் கதிர்வீச்சு செய்யும் என்பது கூடுதல் நன்மை. ஆனால் அதே வளையத்தை 3.6க்கு இழுத்தால் கதிர்வீச்சு மின்தடை 0.4 மில்லிஓம், திறன் 2 சதவீதத்துக்கும் கீழே. 80 மீட்டரிலும் ட்யூன் ஆகும் என்ற விளம்பரம் பொய்யல்ல. ட்யூன் ஆகும், அவ்வளவே.

மில்லிஓம் கணக்கில் ஓடும் இந்த ஆன்டெனாவில் ஒரு தளர்ந்த போல்ட்டோ பச்சை பிடித்த இணைப்போ 40 மில்லிஓம் சேர்த்தால் இருந்த திறனும் பாதியாகிவிடும். ஆகவே பிரித்துப் பிரித்து மாட்டும் லூப்களை நான் நம்புவதில்லை. இணைப்புகள் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். 100 வாட்டில் கண்டென்சரின் குறுக்கே உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 8,000 வோல்ட் வரும். சாதாரண ரேடியோ கண்டென்சர் பொறி பறந்து அடங்கிவிடும். சில கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலே மறுபடி ட்யூன் செய்ய வேண்டும் என்பதால், நெட் கட்டுப்பாட்டாளர் (நிலையங்களின் பேச்சை ஒழுங்குபடுத்துபவர்) "ஐந்து கிலோஹெர்ட்ஸ் மேலே வாருங்கள்" என்று சொல்லும் வேளையில் நீங்கள் கண்டென்சரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே பேண்டுக்கு மட்டும் ஆன்டெனா எடுத்துக்கொண்டு போவதும் பெருந்தவறு. நேர் மேலே அனுப்பினால் அயனி மண்டலம் திருப்பித் தரக்கூடிய உச்ச அதிர்வெண்ணுக்கு மாறுநிலை அதிர்வெண் என்று பெயர். பகலில் அது பெரும்பாலும் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 40 மீட்டர் பேண்ட் நன்றாக வேலை செய்யும். பொழுது சாய்ந்ததும் அது இறங்கும். மாலை வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக மறையும்போது, ரேடியோ பழுதாகிவிட்டதோ என்று பலர் பதறுவார்கள். பழுதொன்றுமில்லை, 80 மீட்டருக்கு இறங்க வேண்டிய நேரம். நடுப்பகலில் 80 மீட்டரில் உட்கார்ந்திருப்பதும் வீண், அப்போது அயனி மண்டலத்தின் கீழடுக்கு அதை உறிஞ்சிவிடும்.

பொருத்தத்தைச் சரிசெய்யும் பெட்டியான டியூனர் பற்றி ஒரு வார்த்தை. ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டியூனர் ரேடியோவைத்தான் சமாதானப்படுத்துகிறது, ஆன்டெனாவைத் திருத்துவதில்லை. பத்து மீட்டர் நீள டைபோலை நீண்ட கோஆக்சியல் கேபிளோடு இணைத்து 80 மீட்டரில் டியூனரால் 1:1க்குக் கொண்டுவந்தால், மின்திறனில் பெரும்பகுதி கேபிளுக்குள்ளேயே வெப்பமாகிவிடும். டியூனரை ஆன்டெனாவின் அடியிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் இரு கம்பி ஏணிக் கேபிளைப் பயன்படுத்துங்கள்.

முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி மிக வசதியானது, ஒரு முனையைக் கிளையில் ஏற்றினால் வேலை முடிந்தது. ஆனால் மின்னோட்டம் திரும்ப வழிதரும் எதிரிணைக் கம்பி (கவுண்டர்பாய்ஸ்) என்று ஒன்று தரப்படாவிட்டால் கேபிளின் வெளியுறையே அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். மைக் உதட்டில் சுரீர் என்று கடிக்கும், லேப்டாப்பின் யுஎஸ்பி இணைப்பு அறுந்து, பாதி அனுப்பிய செய்தி நின்றுபோகும். சிறு எதிரிணைக் கம்பி ஒன்றும், வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்க 31 வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிய சோக் ஒன்றும் போதும்.

ஆன்டெனாவின் இழப்பை வாட் கூட்டி ஈடுகட்ட நினைப்பவர்களுக்கு: ஓர் எஸ்-அலகு ஏற 100 வாட்டை 400 வாட் ஆக்க வேண்டும். பேட்டரியில் அதற்கு இடமில்லை. 100 வாட் ரேடியோ உச்சத்தில் 20 ஆம்பியர் இழுக்கும். வயரிலும் இணைப்பிலும் 0.05 ஓம் இருந்தாலே ஒரு வோல்ட் காணாமல் போகும். 11.7 வோல்ட்டுக்குக் கீழே பல ரேடியோக்கள் குரலைச் சிதைக்கத் தொடங்குகின்றன. சூரியத் தகட்டின் சார்ஜ் கட்டுப்படுத்தியும் மலிவான எல்இடி விளக்கும் கிளப்பும் இரைச்சலையும் முன்கூட்டியே வீட்டில் கேட்டு வையுங்கள்.

மின்கம்பி போகும் இடத்துக்கு அருகே கயிறு எறியாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இடி கேட்டால் கேபிளைக் கழற்றிவிட்டு விலகுங்கள்.

கடைசியாக, பெட்டியைப் பேரிடர் நாளில்தான் முதன்முறை திறப்பது. கம்பி சிக்கலாகிக் கிடக்கும், எறிகயிற்றின் எடை காணாமல் போயிருக்கும். கம்பியை எட்டு வடிவில் சுற்றி வையுங்கள். ஈரத்திலும் இருட்டிலும் ஒருமுறையாவது தனியாக நிறுத்திப் பாருங்கள். அப்படிச் செய்து பார்த்த இரவில்தான், பேண்டுக்கு ஒரு நிறம் என்று நான் ஒட்டியிருந்த டேப்புகள் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. அன்று முதல் கயிற்றில் முடிச்சுப் போட்டுவைக்கிறேன்: 40 மீட்டருக்கு ஒன்று, 80 மீட்டருக்கு இரண்டு.