பழைய பைக் வாங்கியதும் பழுதைக் கண்டறியும் முறை: குமரி மாவட்ட வண்டிகளை முன்வைத்து

பழைய பைக் ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்திய முதல் வாரத்தில் பலரும் செய்யும் தவறு, அதில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் உதிரிப்பாகத்தை மாற்றத் தொடங்குவதாகும். ஒரே நாளில் பிளக், கார்புரேட்டர், செயின் செட் ஆகிய மூன்றையும் மாற்றியபின் வண்டி சரியானால், எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும். சரியாகாவிட்டால் குழப்பம் மூன்று மடங்காகும். குமரி மாவட்டத்தில் ஓடிய வண்டிகளில் எஞ்சினுக்குள் உள்ள தேய்மானத்தைவிட, வெளியே உள்ள இணைப்புகளில் உப்பும் மழையும் செய்த கேடே பெரும்பாலும் முதலில் தலைகாட்டுகிறது என்பது என் அனுபவம். ஆகவே வெளியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உள்ளே செல்வதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதும், கண்டதை ஒரு நோட்டில் எழுதிவைப்பதும்தான் நான் வலியுறுத்தும் முறை.

முதலில் வண்டி எங்கே ஓடியது என்று விற்றவரிடம் கேட்டறிய வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் மீன்பெட்டி கட்டி ஓடிய வண்டியில், உருகிய ஐஸ் நீரும் மீன் நீரும் பின்பக்கம் வடிந்து ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), பின்சக்கர ரிம், சைலன்சரின் அடிப்பகுதி ஆகியவற்றை அரித்திருக்கும். சீட்டைக் கழற்றி அடியில் உள்ள சேஸைத் தட்டிப் பார்த்தால் துரு உதிர்வது தெரியும். குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பாரம் ஏற்றி மேட்டில் ஓடிய வண்டியில் கிளட்ச் தட்டும் பின் ஷாக் அப்சார்பரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் ஆண்டுக்கு இரண்டு பருவமழையைக் காணும் மாவட்டம் இது என்பதால், எந்தப் பக்கத்து வண்டியானாலும் நீர் புகுந்த தடயத்தைத் தேடத்தான் வேண்டும்.

எஞ்சின் புகையைக் குளிர்ந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து சைலன்சரின் பின்னால் நின்று பாருங்கள். தொடக்கத்தில் சிறிது வெள்ளைப் புகை வந்து மறைந்தால் அது சைலன்சரில் தங்கிய ஈரமே. அதற்காக அஞ்ச வேண்டாம். கரும்புகை வந்தால் பெட்ரோல் கூடுதலாகச் செல்கிறது என்று பொருள். குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் மூடியபடி சிக்கியிருக்கலாம், ஏர் ஃபில்டர் செம்மண் தூசியால் அடைத்திருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்த நொடியிலோ, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து மீண்டும் முறுக்கும்போதோ மட்டும் அது வந்தால், வால்வ் வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வ் சீலைச் சந்தேகிக்கலாம். முறுக்க முறுக்கத் தொடர்ந்து வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பார்க்க வேண்டியவை மூன்று: தீப்பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம்). பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் காற்று கூடுதல் அல்லது எஞ்சின் அதிகம் சூடேறுகிறது. ஆயில் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வ் சீல். பிறகு பிளக்கை அதன் கேப்பில் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் மீது நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக்கர் மிதித்தால் நீல நிறத் தீப்பொறி பாய வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் பிளக்கை அத்துளைக்குத் தள்ளியே வைக்க வேண்டும். கையில் பிடிக்கக் கூடாது. கம்ப்ரஷன் குறைவு என்று தோன்றினால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மீண்டும் மிதித்துப் பாருங்கள். கிக்கர் முன்னைவிட இறுக்கமானால் குறை ரிங்கில் இருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் வால்வைப் பார்க்க வேண்டும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிக் கால் லிட்டர் அளவு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், டேங்கில் நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாகத் தெரிவது அதுதான். மழையில் நின்ற வண்டி மிஸ்ஸிங் அடித்தால் கார்புரேட்டரைக் குறை சொல்லுமுன் இதைப் பார்த்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் கண்டறியக் கடினமானது, நன்றாக ஓடிக்கொண்டிருந்து வழியில் நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாகவே சரியாகும் பழுதுதான். நான் வாங்கிய 100 சிசி வண்டி ஒன்று நாகர்கோவிலிலிருந்து குளச்சல் செல்லும் வழியில் திங்கள்நகரைத் தாண்டியதும் ஒவ்வொரு முறையும் இருமி இருமி நின்றது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரையும், அது பலிக்காதபோது பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் மாற்றினார்கள், அதன்பின்னும் நின்றது. ஒருநாள் நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. உடனே வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. மூடியில் உள்ள சிறிய காற்றுத் துளை துருவால் அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அதற்கு ஈடாகக் காற்று உள்ளே செல்லாததால் டேங்கில் வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் வரத்து நின்றிருக்கிறது. சரிசெய்ய ஒரு மெல்லிய கம்பி போதுமானதாக இருந்தது.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: வழியில் நிற்கும் பழுதை, நின்ற அந்த நிமிடத்திலேயே, நின்ற அந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்தி, முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். அதனால் பயனில்லை என்றால் எஞ்சின் ஆறுவதற்குள், சூடுபடாமல் துணி சுற்றிப் பிளக்கைக் கழற்றித் தீப்பொறியைப் பாருங்கள். சூட்டில் தீப்பொறி இல்லாமல், கால் மணி நேரம் ஆறியபின் மீண்டும் வந்தால், இக்னிஷன் காயிலோ, தீப்பொறி பாய வேண்டிய நேரத்தை உணர்த்தும் பல்சர் காயிலோ சூடேறியதும் செயலிழக்கிறது என்று பெரும்பாலும் முடிவுக்கு வரலாம். தீப்பொறி நன்றாக இருந்து பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஆறிக்கிடக்கும் வண்டியில் இவற்றில் எதுவும் தெரியாது. எவ்வளவு திறமையான மெக்கானிக்காக இருந்தாலும் ஊகிக்கத்தான் முடியும்.

மின்சாரப் பழுதுகளுக்குச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி, வண்டி ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு நடுத்தர வேகத்துக்கு முறுக்கினால் அது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயரவே இல்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை; 15-ஐத் தாண்டினால், பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையர் பழுது. ஆனால் ரெக்டிஃபையரை வாங்குவதற்குமுன் அதன் கப்ளரை (வயர்களை இணைக்கும் செருகியை) பிரித்துப் பாருங்கள். கடலோர வண்டிகளில் அங்கே பச்சைக் களிம்பு படிந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதேபோல, ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தியபடி பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் வண்டியில் எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினால், மங்கிய ஹெட்லைட்டும் தயங்கிய ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் ஒன்றாகவே சரியாகிவிடும்.

2020 ஏப்ரல் 1-க்குப்பின் வந்த பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் கொண்டவை. சாவியைத் திருப்பியதும் டேங்கினுள் பம்ப் இரண்டு மூன்று நொடி முனகும் ஒலி கேட்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் மீட்டரில் எஞ்சின் விளக்கு அணையாவிட்டால் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுசெல்வதே சரி.

சாலைச் சோதனைக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் காலத்தில் ஓட்டினால் நல்ல வண்டியின் ஹேண்டில்பாரும் ஆடும். அதைக் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) பழுது என்று எண்ணிவிடக் கூடாது. சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ‘டக்’ என்று பிடித்தால்தான் கோன் செட் தேய்ந்திருக்கிறது. கிளட்சைச் சோதிக்க, பேச்சிப்பாறைப் பக்கம் போல ஏற்றம் உள்ள சாலையில் உயர்ந்த கியரில் முறுக்குங்கள். எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. செயினின் தொய்வு பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி வேறோரிடத்தில் தளர்ந்தால் செயின் செட்டை முழுவதும் மாற்றியாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

இவ்வளவும் முடிந்தபின் ஆயிலை மாற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டி, அந்த ஆயிலையும் சுத்தமான தட்டில் வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் பூச்சாக ஒட்டும் இரும்புத்தூள் வழக்கமான தேய்மானமே. நகத்தில் உறுத்தும் அளவுக்குச் செதில்கள் வந்தால், அப்போது எஞ்சினைத் திறக்கச் சொல்லலாம்.