டெக்சாஸில் புது வீடு வாங்குகிறீர்களா? முதல் வருட வரி பில்லை நம்பாதீர்கள்

ஊரில் வீட்டு வரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடுவோம். அமெரிக்காவில் கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம் என்று ஆளாளுக்குப் போடும் வரி அது. மாநிலம் மாறினால் கணக்கே மாறிவிடும். நியூ ஜெர்சியில் சராசரி பில்லே வருடத்துக்கு 10,000 டாலர் அளவில் வரும். கலிஃபோர்னியாவில் 1978-இல் வந்த புரொபசிஷன் 13, அடிப்படை வரியை 1 சதவீதத்தில் கட்டி வைத்திருக்கிறது. வீடு கைமாறும்போதுதான் மதிப்பு புது விலைக்கு ஏறும். அதனால் அங்கே பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதைக் கேட்டு உங்கள் வரியைக் கணக்கிடாதீர்கள்.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. நாங்களும் அந்தச் சந்தோஷத்தில்தான் ஹூஸ்டன் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கினோம். முதல் வருட வரி 2,300 டாலர்தான். அப்பாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

அங்கேதான் ஏமாந்தோம். டெக்சாஸில் ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்துத்தான் மதிப்பு போடுவார்கள். அன்று எங்கள் இடம் வெறும் மனை. அடுத்த வருடம் வீட்டோடு சேர்த்து மதிப்பிட்டபோது வரி 12,000 டாலரை நெருங்கியது. தண்ணீர், கழிவுநீர்க் குழாய் போட்ட கடனுக்காகப் புது குடியிருப்புகளில் வசூலிக்கும் 'மட்' வரியும் அதில் அடக்கம். கடன் கொடுத்தவர்கள் எஸ்க்ரோவுக்கு, அதாவது வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் கணக்குக்கு, பழைய பில்லை வைத்தே மாதத் தவணை பிடித்திருந்தார்கள். விட்டுப்போன பாக்கியும் வரும் வருடத்து வரியும் ஒன்றாக விழ, தவணை மாதத்துக்கு 1,600 டாலர் ஏறியது. அந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போக வைத்திருந்த பணம் அதிலேயே போய்விட்டது. கையெழுத்துப் போடும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மொத்த வரி விகிதத்தை 'மட்' உட்படக் கேளுங்கள். அதை வீட்டின் முழு விலையோடு பெருக்கி, அந்தத் தொகைக்கே எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வித்தியாசத்தை நீங்களே மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். குடியேறியதும் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றி, சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வரியைக் குறைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். குடியுரிமை தேவையில்லை, விசாவில் இருப்பவர்களும் வாங்கலாம். கட்டணமும் கிடையாது. காசு கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். அப்புறம், மதிப்பு அதிகம் என்று பட்டால் பொதுவாக மே 15-க்குள் எதிர்ப்பு மனு கொடுக்க வேண்டும். நான் மூன்றாவது வருடம்தான் கொடுத்தேன், கொஞ்சம் குறைத்தார்கள்.