கேத்தல் பகலில் ட்ரிப் அடிக்கிறது, இரவில் கொதிக்கிறது: சோலார் இன்வெர்ட்டரில் எர்த், நியூட்ரல் தவறுகள்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அதற்கப்புறம் பேட்டரியோடு சோலார் இன்வெர்ட்டர் (பேனல், பேட்டரி மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) பூட்டியவர்களில் மலையகத்தில், தலவாக்கலையில் இருக்கும் என் சித்தப்பாவும் ஒருவர். சில மாதம் கழித்துச் சித்தி ஒரு விஷயம் சொன்னார். பழைய கேத்தலைப் பகலில் போட்டால், கரண்ட் கசிந்தால் வெட்டும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. இரவில் கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது போட்டால் தண்ணீர் நன்றாகக் கொதிக்கிறது. கேத்தல் தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தார். எனக்குப் பகீரென்றது.

கேத்தலில் கசிவு அப்படியே இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் இரவில் இல்லாமல் போயிருந்தது.

லைவ் வயரில் கரண்ட் வரும், நியூட்ரலில் திரும்பிப் போகும். நம் நாட்டில் வெளி லைனின் நியூட்ரல், டிரான்ஸ்ஃபோமர் பக்கம் எர்த் செய்யப்பட்டிருக்கும், அதாவது நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டு எர்த் நாம் தனியாக நிலத்தில் அடித்த ராட். இரண்டுக்கும் இடையே மண்தான் தொடர்பு. கேத்தலின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அது எர்த் வயர், ராட், மண் என்று டிரான்ஸ்ஃபோமருக்குத் திரும்பும். லைவில் போனதும் நியூட்ரலில் வந்ததும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்படுவதற்குள் ட்ரிப் சுவிட்ச் வெட்டிவிடும். பேட்டரிக்கு மாறும்போது பல இன்வெர்ட்டர்கள் வெளி லைனின் இரண்டு வயரையும் துண்டிக்கின்றன. அப்போது இன்வெர்ட்டரின் நியூட்ரல் எங்கேயும் எர்த்தோடு சேராமல் மிதக்கிறது. சித்தப்பா வீட்டில் டெஸ்டரை வைத்தபோது பிளக்கின் இரண்டு துளையிலும் எரிந்தது அதனால்தான்.

மிதந்தால் ஷாக் அடிக்காது, நல்லதுதானே என்று சிலர் சொல்வார்கள். முதல் கசிவு வரும் வரைக்கும்தான் அந்தக் கதை. கேத்தலின் லைவ் எர்த்தைத் தொட்டுவிட்டால், அதன்பிறகு ஈரத் தரையில் நின்று நியூட்ரலைத் தொடுகிறவர் மேல் 230 வோல்ட் பாயும். அந்தக் கரண்ட் ட்ரிப் சுவிட்சின் லைவில் போய் அதன் நியூட்ரலிலேயே திரும்புவதால் அதற்கு வித்தியாசமே தெரியாது. ஆள் விழுவார், சுவிட்ச் விழாது.

இந்த இடத்தில் எல்லோரும் ஏமாறுவது டெஸ்ட் பட்டனில். அதை அமுக்கினால் மிதக்கும் லைனிலும் டக்கென்று விழும். பட்டன் தன் கரண்டை லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலேயே சுற்றிவிடுகிறது. எர்த்தை அது பார்ப்பதே இல்லை.

அடுத்த தவறு இதைவிட மோசம். மிதக்கிறது என்று தெரிந்ததும் ஒரு துண்டு வயரால் நியூட்ரலையும் எர்த்தையும் நிரந்தரமாக இணைத்துவிடுவது. மெயின் பக்கம் ட்ரிப் சுவிட்ச் இருந்தால், வெளிக் கரண்ட் வந்ததும் அது விழும். "சுவிட்ச் பழுது" என்று சொல்லி அதையே கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. அப்புறம் காற்று மழையில் மரம் விழுந்து தெரு நியூட்ரல் அறுந்தால், அக்கம்பக்க வீடுகளின் கரண்டும் உங்கள் ராட் வழியாக இறங்கப் பார்க்கும். உங்கள் வீட்டு எர்த் வயரே ஷாக் அடிக்கும்.

சரியான வழி, பேட்டரியில் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, வெளிக் கரண்ட் வந்ததும் பிரித்துவிடும் ரிலே, அதாவது தானாக மாறும் சுவிட்ச். சில இன்வெர்ட்டர்களில் அது உள்ளேயே இருக்கும், செட்டிங்கில் போட வேண்டும்; சிலவற்றில் வெளியே பூட்ட வேண்டும். அந்தச் சேர்ப்பு ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், இன்வெர்ட்டர் பக்கமாக இருக்க வேண்டும். பேட்டரி இல்லாத, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் சோலாருக்கு இந்த வேலை தேவையில்லை. அங்கே நியூட்ரலில் கை வைக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் பேக்கப் லைனின் நியூட்ரலையும் மற்ற லைனின் நியூட்ரலையும் ஒரே பாரில் (வயர்களைச் சேர்த்து முறுக்கும் உலோகக் கட்டை) முறுக்குவதும் கூடாது.

நல்ல ராட் அடித்திருக்கிறோம், ட்ரிப் சுவிட்ச் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். நம் மலையில் கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாறை. ராட்டின் தடை 100 ஓம் என்றால் வெளி லைனில் கசிவுக் கரண்ட் 2.3 ஆம்பியர்தான். கரண்ட் அளவு மீறினால் வெட்டும் பிரேக்கர், 6 ஆம்பியர் என்றாலும் கூட, அசையாது. பேட்டரியில் ஓடும்போதும் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் தருவது 22 ஆம்பியர் அளவு. 32 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழும் என்று நம்பியிருக்க முடியாது.

தோட்டங்களில் வரிசையாக ஒட்டியிருக்கும் லயன் வீடுகளில் நான் அதிகம் பயப்படுவது கூரைக்குத்தான். பல குடும்பங்களுக்கு ஒரே தகரம். ஒரு வீட்டுப் பேனலின் வயர் உரசிக் கசிந்தால், கடைசிக் காம்பராவில் தகரத்தைத் தொடுகிற பிள்ளைக்கும் அடிக்கலாம். பேனல் சட்டம், தாங்கும் கம்பி எல்லாவற்றையும் எர்த் செய்யுங்கள். பேனலுக்கு வேறு ராட் அடித்தால் அதை வீட்டு ராட்டோடு தடித்த வயரால் இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏப்ரலிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும்போது, இரண்டு ராட்டுக்கும் இடையிலான வோல்ட்டேஜ் இன்வெர்ட்டர் வழியாகத்தான் பாயும்.

வேலை முடித்த எலக்ட்ரீஷனை அனுப்பிவிடாமல், மெயினை அணைத்துப் பேட்டரியில் ஓடவிட்டு ஒரு பிளக்கில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். லைவ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் கிட்டத்தட்ட 0 என்று வர வேண்டும். இரண்டிலும் 100, 120 என்று ஏதாவது காட்டினால் மிதக்கிறது.

சித்தப்பா வீட்டில் ரிலேயைப் பூட்டியதும் முதலில் அந்தக் கேத்தலைத்தான் பேட்டரியில் போட்டுப் பார்த்தோம். பிளக்கைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. சித்தி கேத்தலைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்.