ஆஸ்கர் தொட்டியில் புது மீன் விடும் முன்

கடையில் விரல் நீளத்தில் சாதுவாகத் தெரியும் ஆஸ்கர் என்ற வளர்ப்பு மீன், நன்றாக வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும். வளர்ந்ததும் தொட்டியில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் மீனை விரட்டி விரட்டிக் கடிக்கும்.

அதனால் புது மீனை நேராக உள்ளே விட்டுவிடாதீர்கள். முதலில் கல், மரக்கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்குங்கள். தன் எல்லை எது என்று பழைய மீனுக்குப் பிடிபடாது. இரண்டுமே புதிதாக இடம் தேடவேண்டி வரும். நான் பார்த்தவரை இதைப்போல் பலன் தருவது வேறில்லை. அப்புறம் பழைய மீனுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுங்கள். ஒரு வாரம் நடுவே துளையுள்ள தடுப்பு வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். வாய்க்குள் நுழைவதெல்லாம் இவற்றுக்கு இரைதான். இரண்டு ஆஸ்கருக்கு ஆறடித் தொட்டி வேண்டும். ஃபிளவர்ஹார்ன் மீன் வைத்திருந்தால் அதற்கு ஜோடி தேடாதீர்கள், அது தனியாகவே இருக்கட்டும். ரெட்டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், வீட்டுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

துடுப்பு கிழிந்தோ, தீனி எடுக்காமல் மூலையில் ஒதுங்கியோ ஒரு மீன் இருந்தால் அன்றே பிரித்துவிடுங்கள். அதற்கென ஒரு பெரிய டப்பும் ஏர் பம்பும் தயாராக இருக்கட்டும்.