முதல் பத்து வினாடிகள்: பாரிலும் மூழ்கிய கப்பலிலும் பெருமீன் பிடித்தல்

ஆழ்கடலில் பவளப்பாரையும் மூழ்கிய கப்பலையும் ஒட்டி வாழும் பாறை மீன், கலவா, அம்பர்ஜாக் போன்றவை தூண்டிலில் சிக்கியதும் திறந்த கடலை நோக்கி ஓடுவதில்லை. தலையைக் கீழே திருப்பித் தம் இடுக்குக்கே பாய்கின்றன. வஞ்சிரமோ சூரையோ நூறு மீட்டர் தூண்டில் நரம்பை இழுத்துச் சென்றாலும் பொறுத்திருந்து மீட்டுவிடலாம். இங்கே பத்து மீட்டர் விட்டுக்கொடுத்தாலே, நரம்பு பாறை விளிம்பிலோ துருப்பிடித்த இரும்பிலோ உரசி அறுந்துபோகும். ஆகவே மீன் கவ்விய பின் வரும் முதல் பத்து வினாடிகளை மனத்தில் வைத்தே எல்லா ஆயத்தமும் அமைய வேண்டும்.

முதன்மை நரம்பாகப் பாலிஎத்திலீன் இழைகளால் பின்னிய பிரெய்டே பொருந்தும். நைலான் நரம்பு முழு இழுவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீளக்கூடியது. 80 மீட்டர் ஆழத்தில் அதில் பாதியளவு நீண்டாலும் எட்டு மீட்டரை மீனுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம். பிரெய்டு மிகக் குறைவாகவே நீளும், ஆனால் உரசலைத் தாங்காது. எனவே அதன் நுனியில் 60 முதல் 90 கிலோ வரை தாங்கும் தடித்த நைலான் அல்லது ஃப்ளூரோகார்பன் லீடரை, அதாவது நுனி நரம்பை, ஐந்து மீட்டருக்குக் குறையாமல் இணைக்க வேண்டும். இரண்டையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு நல்லது. அதில் லீடர் மடிக்கப்படுவதில்லை. பிரெய்டு மட்டும் அதன்மேல் மாறிமாறி இருபது சுற்று அளவுக்குப் பின்னப்படுவதால், முடிச்சு மெலிதாகிக் கோலின் வளையங்களில் தடையின்றி ஓடும். இதை ஆடும் படகில் கற்றுக்கொள்ள முயல்வது வீண். வீட்டிலேயே கை பழக வேண்டும்.

டிராக்கை, அதாவது நரம்பை விட்டுக்கொடுக்குமுன் ரீல் காட்டும் தடையை, விரலால் இழுத்து மதிப்பிடுவது பெரும்பாலானோர் செய்யும் பிழை. நரம்பின் நுனியைச் சுருள்வில் தராசில் மாட்டி, நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், அதாவது 36 கிலோ நரம்புக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ வரை, கரையிலேயே அளந்து வைக்க வேண்டும். நின்றபடி பன்னிரண்டு கிலோ இழுவையைத் தாங்குவது எளிதன்று. உடல் தாங்காத டிராக் ஆளையே படகின் விளிம்புக்கு இழுத்துச் செல்லும். பிரெய்டை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. அது விரலை அறுத்துவிடும்.

பாரின் மேல் எங்கே தூண்டில் இறக்குவது என்பதில்தான் அனுபவம் வெளிப்படும். வேட்டை மீன்கள் பெரும்பாலும் நீரோட்டம் வந்து மோதும் பக்கத்திலேயே கூடி நின்று, ஓட்டம் கொண்டுவரும் சிறுமீன்களுக்காகக் காத்திருக்கும். ஆகையால் முதலில் எஞ்சினை விடுவித்துப் படகைச் சும்மா மிதக்கவிட்டு, அது நகரும் திசையை ஜிபிஎஸ் தடத்தில் பார்த்துக்கொண்டு, பின்னர் ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாக மேலேறி, கப்பலை எட்டுமுன் ஜிக் என்னும் உலோகப் போலியிரை தரையைத் தொடும்படி இறக்க வேண்டும். ஒலியலையால் கடலடியைக் காட்டும் எக்கோ சவுண்டரில் 50 கிலோஹெர்ட்ஸ் அலை ஆழத்தை எட்டும். 200 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கத்தைக் காட்டும். மூழ்கிய கப்பலின் மேல் நங்கூரம் போட்டால் அது இரும்பில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்பதால் மிதந்து பிடிப்பதே மேல்.

ஜிக்கின் எடையை ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று கிராம் என்று தொடங்கி, ஓட்டத்துக்கேற்பக் கூட்டலாம். தரை தட்டியதும் உடனே உயர்த்த வேண்டும். அங்கே ஒரு நொடி தங்கினாலும் மாட்டிக்கொள்ளும். மீன் கவ்வியதும் கோலைச் செங்குத்தாகத் தூக்காமல் தாழ்வாகவே பிடித்து, சிறு சிறு ஏற்றங்களாக விடாமல் சுற்ற வேண்டும். செங்குத்தாகத் தூக்கிய கார்பன் கோல் நுனியருகே முறியும். அதே வேளையில் படகோட்டி பாரை விட்டு ஆழமான பக்கம் மெதுவாக நகர்ந்தால், மீனின் கீழ்நோக்கிய பாய்ச்சல் பக்கவாட்டில் திரும்பும். கலவா பொந்துக்குள் புகுந்துவிட்டால் இழுத்துப் பயனில்லை. நரம்பைத் தளர்த்திச் சில நிமிடம் காத்திருந்தால், அது தானாக வெளிவருவதும் உண்டு.

விடுவிக்க வேண்டிய மீனில் கவனம் தேவை. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நீரழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு மாறுவதால், மேலே வரும் மீனின் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கும். அதைக் குத்தாமல், எடை கட்டிய கருவியால் மீனை மீண்டும் ஆழத்துக்கு இறக்கிவிடுவதே முறை. உண்ண வைத்துக்கொள்வதாயின், வெப்பமண்டலப் பார்களின் பெரிய வேட்டை மீன்களில் சிகுவாடெரா நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும், சமைப்பதாலோ உறையவைப்பதாலோ அது அழியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மறுமுறை இறக்குமுன் லீடரை முழுவதுமாக விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கேனும் சொரசொரப்பு தட்டினால், மீன் கூட்டமே கீழே நின்றாலும், அவ்விடத்தை வெட்டிப் புதிதாக முடிச்சிட வேண்டும்.